டோக்கியோவில் மீன் சாறு ராமென்: எந்தக் கடை, எப்படிச் சாப்பிடுவது

கேள்வி இதுதான்: “அலுவலக வேலையாக டோக்கியோ போகிறேன். மாடு, பன்றி சாப்பிடுவதில்லை; மீனும் கோழியும் சாப்பிடுவேன். கடல் உணவுச் சாற்றில் ராமென் நூடுல்ஸ் போடும் சின்னக் கடைகள் அங்கே நிறைய இருப்பதாகச் சொல்கிறார்கள். ஜப்பானிய மொழி தெரியாமல் தனியாகப் போய்ச் சாப்பிட முடியுமா? கவிச்சி அடிக்குமா?”

தாராளமாகப் போகலாம். தனியாகப் போவது இன்னும் வசதி. இந்தக் கடைகள் பெரும்பாலும் எட்டு, பத்து ஸ்டூல் போட்ட ஒரு கவுண்டர்தான். நாலைந்து பேராகப் போனால்தான் இடம் கிடைக்காமல் திண்டாட வேண்டும். மொழியும் பெரிய தடை இல்லை, பேச வேண்டிய கட்டமே அங்கே குறைவு. நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது பன்றி விஷயம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடைப் பலகையில் ‘கியோகாய்’ என்று போட்டிருந்தால் கடல் உணவுச் சாறு என்று அர்த்தம். ஆனால் டோக்கியோவில் அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பங்கு கலப்புச் சாறு. 1996-ல் நகானோ பகுதியில் திறந்த ஆவோபா என்ற கடை, எலும்புச் சாற்றையும் மீன் சாற்றையும் தனித்தனியாகக் காய்ச்சிப் பிறகு சேர்க்கும் முறையைப் பிரபலமாக்கியது. ‘டபுள் சூப்’ என்பார்கள். அதே ஆண்டு தொடங்கிய மென்யா முசாஷி, சன்மா என்ற மீனைக் காயவைத்துச் சாற்றில் சேர்த்துப் பேர் வாங்கியது. அதற்கப்புறம் மீன் மணக்கும் ராமென் நகரம் முழுக்கப் பரவியது. அதன் அடியில் பன்றி எலும்பும் கோழி எலும்பும் இருப்பது அங்கே யாருக்கும் விசேஷமாகப் படுவதில்லை, அதனால் தனியாக எழுதி வைக்கவும் மாட்டார்கள்.

பன்றி மூன்று வழியாக உள்ளே வரும். ஒன்று, சாற்றிலேயே எலும்பு. இரண்டு, மேலே வைக்கும் ‘சாஷு’ என்ற இறைச்சித் துண்டு. மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை: சாற்றின் மேல் மிதக்கும் எண்ணெய். அது பன்றிக் கொழுப்பாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சாஷுவை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. “பூத்தா நிக்கு நாஷி” என்றால் பன்றி இறைச்சி இல்லாமல் என்று பொருள். அதைச் சொன்னால் கடைக்காரர் சாஷுவை எடுத்துவிடுவார், சூப்பை மாற்ற அவரால் முடியாது. காலையிலிருந்து கொதித்த ஒரே பானைதான் அங்கே இருக்கும். அதனால் “சாற்றிலும் எண்ணெயிலும் பன்றி உண்டா?” என்ற கேள்வியை ஜப்பானிய மொழியில் போனில் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மெஷினில் டோக்கன் வாங்குவதற்கு முன்னால் அதைக் காட்டுங்கள். இருந்தால் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இல்லையென்றால் அடுத்த கடை.

சரி, சாறுக்கு வருவோம். இந்தக் கடைகளின் பழக்கவழக்கம் எல்லாமே அதன் குணத்திலிருந்து வந்ததுதான் என்பது என் எண்ணம். பன்றி எலும்பு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கொதித்தாலும் தாங்கும், கொதிக்கக் கொதிக்கக் கெட்டியாகும். மீனும் கடற்பாசியும் அப்படி இல்லை. ‘கொன்பு’ என்ற பட்டை போன்ற கடற்பாசியைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, கொதி வருவதற்கு முன்பே எடுத்துவிடுவார்கள். கொதித்தால் வழவழப்பும் ஒரு மாதிரியான பாசி நாற்றமும் வந்துவிடும். ‘நிபோஷி’ என்பது சின்ன மீனை உப்புநீரில் வேகவைத்துக் காயவைத்தது. பெரும்பாலும் நம் நெத்திலியின் நெருங்கிய உறவான ஒரு மீன். நாகசாகியிலும், ககாவா மாநிலத்து இபுகி தீவைச் சுற்றிய கடலிலும் பிடிப்பது பேர்போனது. அதை ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் மெல்லச் சூடேற்றுவார்கள். ‘கட்சுவோபுஷி’ சூரை மீனைப் புகைபோட்டு, கட்டையாக இறுகும் வரை உலர்த்திச் சீவியது. தூத்துக்குடிக்காரர்களுக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் மாசிக் கருவாடு தெரிந்திருக்கும்; அதுவும் சூரையைப் புகைபோட்டுக் காயவைத்ததுதான், வாசனையில் நிறையவே ஒற்றுமை உண்டு. இந்தச் சீவலைச் சுடுநீரில் கொஞ்ச நேரம் போட்டு வடித்துவிட வேண்டும்.

இவற்றை ஏன் கலக்கிறார்கள் என்பதற்கு ரசாயனக் காரணம் இருக்கிறது. 1908-ல் டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கிகுனாயே இகேதா, கொன்புவின் ருசிக்குக் குளூட்டமேட் காரணம் என்று கண்டுபிடித்து, அந்த ருசிக்கு ‘உமாமி’ என்று பெயர் வைத்தார். 1913-ல் அவருடைய மாணவர் ஷிந்தாரோ கொதாமா, கட்சுவோபுஷியில் இருப்பது இனோசினேட் என்று காட்டினார். 1950-களின் கடைசியில் அகிரா குனினாகா, இந்த இரண்டு வகையும் சேர்ந்தால் ருசி கூட்டல் கணக்காக அல்லாமல் பல மடங்காக ஏறுகிறது என்று நிறுவினார். அடுப்படியில் நிற்பவர்களுக்கு அது பல நூறு ஆண்டுகளாகவே கைப்பழக்கம். கடற்பாசியும் மீனும் சேர்ந்த சாற்றில், எலும்பே இல்லாமல், இவ்வளவு ஆழம் வருவது அதனால்தான்.

இந்தச் சாற்றின் பலவீனம் அதன் வாசனை நிலைக்காதது. அடுப்பில் அதிக நேரம் வைத்தால் போய்விடும், கிண்ணத்தில் ஆறினாலும் போய்விடும். காலையில் காய்ச்சியது அன்றைக்கே தீர வேண்டும். தீர்ந்ததும் ‘சூப் முடிந்தது’ என்று பலகையைத் திருப்பிவிட்டு, மாலை ஏழு மணியானாலும் கடையை மூடிவிடுவார்கள். உட்கார்ந்து அரட்டை அடிக்காதது, கிண்ணம் வந்ததும் சாப்பிடத் தொடங்குவது, முடித்ததும் எழுந்துவிடுவது எல்லாம் இதனோடு பொருந்தி வருகிறது. வெளியே ஆட்கள் காத்திருப்பது ஒரு காரணம்தான். ஆறிய மீன் சாற்றை வாடிக்கையாளர் சாப்பிட்டால் அது தன் சாறு இல்லை என்றே சமையல்காரர் நினைப்பார், அதில் நியாயம் இருக்கிறது.

கவிச்சி பற்றிக் கேட்டீர்கள். கடையைப் பொறுத்தது. சில கடைகளில் துளிக்கூட இருக்காது. சில கடைகள் அதையே தேடி வருகிறவர்களுக்காக நடக்கின்றன. நிபோஷியின் தலையையும் வயிற்றையும் கிள்ளி எடுத்துவிட்டுச் சாறு எடுத்தால் தெளிவாக, இனிப்போடு இருக்கும். வீட்டில் அப்படித்தான் செய்வார்கள். கனமான நிபோஷிக் கடைகள் முழு மீனையே போட்டுக் கொதிக்கவிட்டு, அரைத்தும் விடுவதுண்டு. அப்போது கசப்பும் ஒரு கரகரப்பும் வரும், அதை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். புதிய மீனின் எலும்பையும் தலையையும் வைத்துச் சாறு எடுக்கும் கடைகளோ, முதலில் அவற்றின் மேல் கொதிநீரை ஊற்றி, ரத்தத்தையும் வழவழப்பையும் கழுவிவிட்டுத்தான் பானையில் போடும். ஒழுங்காகக் கழுவிய மீனில் கவிச்சி இருக்காது. மேலே தூவும் நறுக்கிய பச்சை வெங்காயமும் யுசு எலுமிச்சையின் தோலும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இப்போது வகைகள். உங்களுக்கு எது சரிப்படும் என்பதை நான் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

முதல் வேளைக்கு ‘மதாய்’ சாறு. மதாய் என்பது சிவப்பு நிறக் கடல் மீன், ஜப்பானில் நல்ல காரியங்களுக்கு வைக்கும் மீன், எஹிமே மாநிலத்தில் நிறைய வளர்க்கிறார்கள். கின்ஷிச்சோவில் ‘மென்கியோ’ என்ற கடை, அராகிச்சோவில் ‘தோகா’ என்ற கடை, இரண்டும் இந்த மீனுக்கே பேர்போனவை. சாறு வெளிர் நிறமாக, மீன் கொழுப்பு லேசாக மின்னிக்கொண்டு இருக்கும். ருசி மென்மை. உங்களைப் போன்றவர்களுக்கு இந்த வகைதான் மற்றவற்றைவிடப் பாதுகாப்பு, சாற்றின் முதல் சரக்கே மீன் என்பதால். ஆனாலும் மேலே வரும் இறைச்சி எது, எண்ணெய் எது என்று கேட்டே ஆக வேண்டும். இந்த வகைக் கடைகளில் சோறும் விற்பார்கள். நூடுல்ஸ் முடிந்ததும் மிச்சச் சாற்றைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவது வழக்கம். நூடுல்ஸைவிட அந்தக் கடைசிப் பத்து வாய்தான் எனக்குப் பிடிக்கும். சோற்றில் இறங்கிய மீன் சாறு நம் நாக்குக்குச் சட்டென்று பிடிபடும், அதனால் சோறு சேர்த்தே டோக்கன் வாங்குங்கள்.

அடுத்தது நிபோஷி. இதில் பல படிகள் உண்டு. பழைய டோக்கியோ பாணிக்கு எய்ஃபுகுச்சோ தாய்ஷோக்கென் நல்ல உதாரணம், 1955-லிருந்து நடக்கிறது. பெரிய கிண்ணம், நிறைய நூடுல்ஸ், சூடு ஆறாமலிருக்க மேலே பன்றிக் கொழுப்பு. ஆக, உங்களுக்கு அது இல்லை. வடக்கே ஆவோமோரி மாநிலத்தின் ட்சுகாரு பகுதியில் நிபோஷிச் சாறு ஊர்ச் சாப்பாடு. அங்கே காலையிலேயே ராமென் சாப்பிடுவார்கள், நெருப்பில் சுட்டுக் காயவைத்த மீனையும் சேர்ப்பார்கள். டோக்கியோவுக்குள் பலருக்கும் தெரிந்த நிபோஷிக் கடை, ஷின்ஜுகுவில் ‘கோல்டன் காய்’ என்ற சந்துப் பகுதியில் இருக்கும் நாகி. ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய செங்குத்தான மாடிப்படி, மேலே குட்டிக் கவுண்டர். மீன் வாசனை படியிலேயே இறங்கி வந்து வரவேற்கும். சாறு கனமானது, நூடுல்ஸோடு நாடா போல அகலமான மாவுத் துண்டும் வரும்.

நிபோஷியின் உச்சக்கட்டத்தை ரசிகர்கள் ‘சிமெண்ட்’ என்பார்கள், நிறமே அப்படி. அந்தக் கிண்ணத்தைக் கிட்டப் பார்த்தால், சாம்பல் நிறச் சாற்றின் மேல் மீன் தோலின் வெள்ளித் துகள்கள் மிதக்கும். முதல் வாயில் உப்பு தெரியும், அடுத்த நொடி கசப்பு, அதைத் தாண்டி ஒரு இனிப்பு. பொடியாக நறுக்கிய வெங்காயம் அந்தக் கசப்பை நடுநடுவே துடைத்துவிடும். கருவாட்டுக் குழம்பை விரும்பிச் சாப்பிடுகிறவர் என்றால் நீங்கள் இதில் மயங்கிப்போவீர்கள். கருவாடு வதக்கும்போதே வீட்டை விட்டு வெளியே போகிற ஆள் என்றால் வேண்டாம்.

மட்டிச் சாறு மூன்றாவது வகை. ‘ஹமாகுரி’ என்ற பெரிய மட்டியைக் கொதிக்கவைத்து எடுப்பார்கள். கடல்நீரின் சுவை கொண்ட தெளிவான சாறு, உப்பு அடிப்படையில் வரும்போது அபாரமாக இருக்கும். ஷின்ஜுகுவின் கொன்ஜிகி ஹொதோதோகிசு இதில் பேர்போனது. மிஷ்லின் உணவகக் கையேட்டின் 2019 பதிப்பில் நட்சத்திரம் வாங்கிய கடை, ஆனால் அங்கே மட்டியோடு பன்றிச் சாறும் சேரும். நட்சத்திரத்தைப் பார்த்து வரிசையில் நின்று ஏமாறாதீர்கள். இறால் தலையை வறுத்துச் சாறு எடுக்கும் பாணிக்கு வடக்கே சப்போரோ நகரத்தின் எபிசோபா இச்சிகென் அடையாளம். அங்கேயும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

‘ட்சுகேமென்’ என்று ஒன்றும் கண்ணில் படும். நூடுல்ஸ் தனியாக, தொட்டுக்கொள்ளும் சாறு கெட்டியாகத் தனியாக. இதை 1955-ல் நகானோ தாய்ஷோக்கெனில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் கசுவோ யாமகிஷி. பிற்காலத்தில் இதில் மீன் பொடியைக் குவித்து வைக்கும் பாணி வந்து, டோக்கியோ ஸ்டேஷன் அடித்தளத்தில் இருக்கும் ரோகுரின்ஷா அதில் பெரும் பேர் வாங்கியது. மீன் மணம் தூக்கலாக இருக்கும், அடியில் இருப்பது பன்றி எலும்புச் சாறு. அதையும் விட்டுவிடுங்கள்.

கடைக்குள் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். வாசலில் வரிசை இருந்தால் முதலில் டோக்கன் வாங்கிவிட்டு நிற்பதா, நின்றுவிட்டு வாங்குவதா என்பது கடைக்குக் கடை மாறும். முன்னால் நிற்பவர் கையில் டோக்கன் இருக்கிறதா என்று பாருங்கள், போதும். டோக்கன் மெஷினில் பணத்தைப் போட்டபின் பொத்தான்களில் விளக்கு எரியும். இடது மேல் மூலையில் இருப்பதுதான் வழக்கமாக அந்தக் கடையின் முக்கியமான ராமென். மெஷினில் படம் இல்லாவிட்டாலும் அதை அழுத்தினால் பெரும்பாலும் தவறு வராது. ஆயிரம் யென் நோட்டு நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள், பல மெஷின்கள் ஐயாயிரம், பத்தாயிரத்தை வாங்காது. 2024 ஜூலையில் புதிய நோட்டுகள் வந்தபோது பழைய மெஷின்கள் பல அவற்றை ஏற்கவில்லை. அதனால் பழைய நோட்டு கையில் கிடைத்தால் செலவழிக்காமல் ராமெனுக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஒரு கிண்ணம் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு யென் வரை ஆகும். ஆளுக்கு ஒரு கிண்ணம் வாங்கியே ஆக வேண்டும், இரண்டு பேர் பகிர்ந்து சாப்பிடுவது அங்கே மரியாதைக் குறைவு.

உட்கார்ந்ததும் டோக்கனைக் கவுண்டரின் உயரமான தட்டில் வையுங்கள். தண்ணீரை நீங்களே பிடித்துக்கொள்ள வேண்டும், ஜக்கு முன்னாலேயே இருக்கும். பெரிய பையை மடியிலோ காலடிக் கூடையிலோ வைத்துக்கொள்ளலாம். சமையல்காரர் வேலை செய்வதைப் பார்க்கத்தான் அந்த இடம். சூடான கிண்ணத்தில் முதலில் ‘தாரே’ என்ற உப்பான சுவைக் கரைசலும் எண்ணெயும் விழும், பிறகு சாறு, கடைசியில் நூடுல்ஸ். நூடுல்ஸை வலைக் கரண்டியில் எடுத்து இரண்டு மூன்று முறை ஓங்கி உதறுவார். அந்தத் தண்ணீர் சாற்றில் சேர்ந்தால் ருசி நீர்த்துவிடும் என்பதற்காக அந்த உதறல். மெல்லிய மீன் சாற்றில் ஒரு கரண்டித் தண்ணீர் கூடினாலே தெரிந்துவிடும்.

கிண்ணம் வந்ததும் கலக்காதீர்கள். படம் எடுப்பதென்றால் ஒன்று எடுத்துக்கொண்டு போனை உள்ளே வைத்துவிடுங்கள். மற்றவர் முகமோ சமையல்காரரோ விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் பீங்கான் கரண்டியால் சாறு மட்டும் இரண்டு வாய். அந்த நேரத்து வாசனை அப்புறம் கிடைக்காது. பிறகு நூடுல்ஸை உறிஞ்சுங்கள், சத்தம் வரட்டும். நம் வீட்டில் சத்தம் போட்டு உறிஞ்சினால் திட்டு விழும், அங்கே அதுதான் சாப்பிடும் முறை. உறிஞ்சும்போது காற்றும் சேர்ந்து போவதால் வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிறது. மீன் சாற்றில் பாதி ருசி அந்த வழியாகத்தான் வருகிறது. நூடுல்ஸும் சும்மா இருக்காது, சாற்றிலேயே கிடந்து ஊறிக்கொண்டே இருக்கும். நிபோஷிக் கடைகளில் நூடுல்ஸை நீர் குறைவான மாவில், ஒடிவது போல விறைப்பாகச் செய்வார்கள். அந்த விறைப்பு சில நிமிடங்கள்தான் இருக்கும்.

நிபோஷிக் கடையில் பசி மிச்சமிருந்தால் ‘அயேதமா’ என்று கேளுங்கள், அல்லது அதற்கும் முதலிலேயே டோக்கன் எடுத்துவிடுங்கள். சாறு இல்லாமல், தாரேயும் எண்ணெயும் புரட்டிய இன்னொரு உருண்டை நூடுல்ஸ் தட்டில் வரும். பாதியை அப்படியே சாப்பிட்டுவிட்டு, மீதியை மிச்சச் சாற்றில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். இங்கேயும் மேலே இறைச்சித் துணுக்கு தூவுவது வழக்கம், முன்பே சொல்லிவிடுங்கள்.

சாறு முழுவதையும் குடித்துத்தான் ஆக வேண்டும் என்று இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் உப்பு 5 கிராம். ஒரு கிண்ணத்தைக் கடைசிச் சொட்டு வரை குடித்தால் அந்த அளவை அநேகமாகத் தாண்டிவிடுவீர்கள். ரத்த அழுத்தம் இருந்தால் பாதிச் சாற்றோடு நிறுத்துங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். முடித்ததும் கிண்ணத்தைத் தூக்கி உயரத் தட்டில் வைத்து, அங்கே இருக்கும் துணியால் உங்கள் இடத்தை ஒரு முறை துடைத்துவிட்டு, “கொச்சிசோ சமா தெஷ்தா” (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சொல்லி எழுந்துவிட வேண்டும். டிப்ஸ் கிடையாது, வைத்தால் பின்னாலேயே ஓடி வந்து திருப்பிக் கொடுப்பார்கள்.

பல கடைகள் பதினொன்றுக்குத் திறந்து மதியம் இரண்டு, மூன்றுக்கு மூடி, மாலை ஆறுக்கு மறுபடி திறக்கும். மாலையில் சூப் தீர்ந்துபோகும் ஆபத்து உண்டு என்பதால் வேலை நாளில் பதினொன்றுக்குச் சற்று முன்னால் போய் நின்றுவிடுங்கள். பன்னிரண்டு அடித்தால் அலுவலகக் கூட்டம் வந்துவிடும். முதல் நாள் மதாய், அது பிடித்திருந்தால் அடுத்த முறை தெளிவான நிபோஷி, சிமெண்ட் எல்லாம் அதற்கப்புறம். கிளம்பும் முன் அந்தக் கடைக்கு வார விடுமுறை எந்தக் கிழமை என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். சின்னக் கடைகள் வார நடுவில் ஒரு நாள் மூடியிருப்பது சகஜம்.